ஆடாத கை

12.10.1986, ஞாயிறு

வெஸ்ட்கம்பிடம் பதினொரு துவக்குகள் இருக்கின்றன. எனக்கு ஒன்றும் இல்லை. வைத்திருக்கவும் முடியாது. இந்த ஜெர்மனியில் அகதி வழக்கு முடியாத ஆள் அரசாங்கக் கந்தோரில் துவக்கு என்ற சொல்லை எடுத்தாலே போதும், வேறு வினை வேண்டாம். ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய துவக்குகளுக்கு எண்ணெய் பூசுகிறேன். அடுத்த வீட்டுப் பிள்ளைக்குத் தலை வாரிவிடுகிற மாதிரி.

மனிதர் இறைச்சிக்கடை முதலாளி. நான் அங்கேதான் மெசின் கழுவுகிறேன். கிழமை முழுக்க வெள்ளை மேலங்கியுடன் பன்றித் தொடை வெட்டுகிறவர், ஞாயிறு வந்தால் தோல் தொப்பியும் கூர்ச் சப்பாத்துமாக அமெரிக்க மாட்டுக்காரனாகிவிடுவார். அவர் துவக்குச் சுடப் போகிற கிளப்பில் எல்லாருமே அப்படித்தான். பல் வைத்தியர், தபால்காரர், பாடசாலை அதிபர், எல்லாரும் குதிரை இல்லாத குதிரைக்காரர். முதல் நாள் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பிறகு வெஸ்ட்கம்ப் இரும்பு அலுமாரியைத் திறந்தார். சிரிப்பு நின்றது.

எல்லாம் லீவர் துவக்குகள். விசையைச் சுற்றி ஒரு வளையம். அதற்குள் விரல்களை விட்டு முன்னே தள்ளிப் பின்னே இழுத்தால், சுட்ட தோட்டாவின் வெறுங்கோது மேலால் பாயும், புதுத் தோட்டா உள்ளே ஏறும். ஊரில் தையல் மெசின் திருத்திப் பிழைத்தவன் நான். இப்படி ஒன்றுக்குள் ஒன்று பொருந்தி ஓடுகிற இரும்பைக் கண்டால் எனக்குச் சாப்பாடு வேண்டாம். அந்த மாதிரி முதலில் வெளிவந்த ஆண்டுதான் ஒவ்வொன்றுக்கும் பெயர். பித்தளை உடம்போடு மஞ்சளாக மினுங்குகிற 1866. நீளமும் மிடுக்குமான 1873. தூக்கினால் தோள் இறங்குகிற 1886. ஆனால் எனக்கு 1892தான். கையில் எடுத்தால் பாரமே தெரியாது. லீவரைத் தள்ளினால் எண்ணெய் விட்ட கப்பி மாதிரி ஒரு சத்தம். சளக், சளக். நூறு வருசத்துப் பழசு என்று யார் சொல்லுவார்?

அதைத் துடைக்க மட்டும் என்னை விடுகிறார். சுட விடுவதில்லை. "இது விருந்தாளிகளுக்கு இல்லை, நித்தி" என்கிறார், சிரித்துக்கொண்டே. விருந்தாளி! ஒரு வருசமாக எண்ணெய் பூசுகிற விருந்தாளி.

13.10.1986

கை முழுக்க இன்னும் எண்ணெய் மணம். என் மனைவி புஸ்பம் தன் சாப்பாட்டுக் கோப்பையைத் தூரத் தள்ளி வைத்தாள்.

19.10.1986, ஞாயிறு

கதிர்காமநாதண்ணை வந்திருந்தார். இந்தச் சோஸ்ட் நகரத்தில் இருக்கிற எங்கள் ஆட்களுக்கெல்லாம் அன்ட்ராக், அதுதான் அகதி விண்ணப்பம், எழுதிக் கொடுக்கிறவர். நான் கிளப்புக்குப் போவதை யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"துவக்குக்குப் பயந்து ஓடி வந்தனீ. இங்க வந்து துவக்கைத் தடவிக்கொண்டிருக்கிறாய். கேஸ் கிடக்கேக்க உது தேவையோ?"

"அது வேற துவக்கு அண்ணை. கடுதாசியைத்தான் சுடுறது. ஆக்களைச் சுடுறதில்லை" என்றேன்.

"அந்தத் துவக்கைச் செய்தவன் கடுதாசியைச் சுடவோ செய்தவன்?"

 புஸ்பம் உள்ளே தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். காதில் விழுந்திருக்கும். ஒன்றும் கேட்கவில்லை. அவள் சித்திரையில் பெர்லினில், ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கினாள். அதற்கு முன் மூன்று வருசம் நான் இங்கே, அவள் கரவெட்டியில். அந்த மூன்று வருசத்தைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ஒரே கட்டிலில் படுக்கிறோம், இடையில் அந்த வருசங்களும் படுத்திருக்கின்றன.

02.11.1986, ஞாயிறு

புஸ்பத்தைக் கூட்டிக்கொண்டு போனது என் பிழை.

வெஸ்ட்கம்பின் மனைவி இங்றிட் ஒவ்வொரு கிழமையும் கேட்பார்: "உன் மனைவி ஏன் வருவதில்லை? கேக் சாப்பிடவாவது வரட்டுமே." புஸ்பம் முதலில் மாட்டேன் என்றாள். "வெடிச்சத்தம் கேக்கவோ நான் இவ்வளவு தூரம் வந்தனான்?" நியாயம். நானும் வற்புறுத்தவில்லை. இன்று அவளே, அறைக்குள் இருந்து அலுத்துப்போய், சேலைக்கு மேல் என் பழைய குளிர்ச்சட்டையை மாட்டிக்கொண்டு புறப்பட்டுவிட்டாள்.

கேக் சாப்பிட்டாள். காதுமூடியைப் போட்டுக்கொண்டு வந்து பின்னால் நின்று பார்த்தாள். முதல் வெடிக்குத் தோள் துள்ளியது. பிறகு துள்ளவில்லை. வெஸ்ட்கம்ப் பகிடியாக ஒரு துவக்கை அவளிடம் நீட்டினார். 1892 இல்லை, எல்லாரும் சுடுகிற 1894.

"வேண்டாமெண்டு சொல்லுங்கோ" என்றாள் என்னிடம். நான் வாயெடுக்க முன் அவளுடைய கை அதை வாங்கிவிட்டது.

ஐந்து தோட்டா. அவசரமில்லாமல் சுட்டாள். ஒவ்வொரு முறையும் லீவரைத் தள்ளி இழுத்துவிட்டு, அசையாமல், ஏதோ கேட்கிறவள் போலக் கொஞ்ச நேரம் நின்றாள். கடுதாசியைக் கொண்டு வந்து பார்த்தால் ஐந்தும் கறுப்பு வட்டத்துக்குள். உள்ளங்கையால் மூடிவிடலாம். என்னுடைய முதல் நாள் கடுதாசியில் ஒரு ஓட்டையும் இருக்கவில்லை. பல் வைத்தியர் அதை ஞாபகமாக வைத்திருந்து இப்போது எல்லாருக்கும் சொன்னார்.

வெஸ்ட்கம்ப் தொப்பியைக் கழற்றினார். "ஆடாத கை. இருபது வருசத்தில் இப்படி ஒரு கையை நான் கண்டதில்லை. அவளிடம் சொல்லு, நித்தி."

புஸ்பம் என் முகத்தைப் பார்த்தாள். "என்னவாம்?"

"துவக்கைக் கவனமாப் பிடிக்கட்டாம்" என்றேன்.

03.11.1986

ஏன் அப்படிச் சொன்னேன்?

வாய் தானாகச் சொன்னது என்று எழுத வந்தேன். வாய் தானாக ஒன்றும் சொல்லாது.

16.11.1986, ஞாயிறு

அந்த 1892ஐ வெஸ்ட்கம்ப் அவளிடம் சுடக் கொடுத்துவிட்டார்.

ஒரு வருசம்! ஒவ்வொரு ஞாயிறும் குழலுக்குள் கம்பி விட்டு, துணி மாற்றி, மரப்பிடிக்கு மெழுகு தேய்த்து — அதில் எந்த ஆணி எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன். அது எந்த ஆண்டில் செய்தது, எந்தக் கப்பலில் வந்தது, முதல் சொந்தக்காரன் பிடியில் வெட்டிவிட்ட எழுத்து என்ன, எல்லாம் எனக்குத் தெரியும். இவளுக்கு அதன் பெயரே தெரியாது. "அந்தச் சின்னன்" என்கிறாள். அந்தச் சின்னனாம்!

இவள் அதைத் தோளில் வைத்த விதம். வடிவாகத்தான் இருந்தது. அதுதான் தாங்கவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எதைப் பார்த்து எரிந்தேன் என்று எனக்கே விளங்கவில்லை. அந்தத் துவக்கு அவளிடம் போனதற்கோ, அவள் அந்தத் துவக்கிடம் போனதற்கோ.

வரும் வழியில் பஸ்ஸில் கேட்டாள்: "இண்டைக்கும் ஏதோ சொன்னவர், கன நேரம் சொன்னவர். என்னவாம்?"

"தோட்டா விலை கூடிப்போச்சாம்."

30.11.1986, ஞாயிறு

புஸ்பத்திடம், இன்று இவர்களுடைய பெருநாள் தொடக்கம், கிளப் பூட்டு, நான் கடைக்குப் போய் மெசின் கழுவிவிட்டு வருகிறேன் என்றேன். கிளப்பில், புஸ்பத்துக்குக் காய்ச்சல் என்றேன். வெஸ்ட்கம்பின் முகம் வாடிப்போயிற்று. நான் வராத நாட்களில் இப்படி வாடியிருக்குமா?

இன்று நன்றாகச் சுட்டேன். என் கணக்குக்கு நன்றாக. யாரும் பார்க்கவில்லை.

01.12.1986

நான் வேலையால் வந்தபோது இங்றிட் எங்கள் அறையில் இருக்கிறார். மேசையில் பெரிய சட்டியில் கோழிச் சூப். காய்ச்சல்காரியோ வாளி நிறைய உடுப்புத் தோய்த்துக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். இருவருக்கும் பொதுவாக ஒரு சொல்லும் இல்லை. இங்றிட் அவளுடைய நெற்றியில் கையை வைத்துப் பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"சுகமாகிவிட்டாள்" என்றேன்.

"இவ ஏன் சூப் கொண்டு வந்தவ?" என்று புஸ்பம் கேட்டாள்.

"பெருநாளுக்குக் கொடுக்கிறது."

"நல்ல சனம்" என்றாள்.

14.01.1987, பொங்கல்

மின்சார அடுப்பில் பொங்கி, சன்னலைத் திறந்து இல்லாத சூரியனுக்குக் காட்டினாள். வெளியே முழங்கால் அளவு பனி. ஒரு கிண்ணத்தில் இங்றிட்டுக்குக் கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்து சொன்னாள், அவர் தன்னைத் தேவாலய மண்டபத்தில் நடக்கிற ஜெர்மன் வகுப்பில் சேர்த்துவிட்டாராம். எப்படி விளங்கியது என்று கேட்டேன். "கையால சொன்னவ" என்றாள்.

பயமாக இருக்கிறது.

22.03.1987, ஞாயிறு

கிளப்பில் வைத்துத்தான் நடந்தது. எல்லாருக்கும் முன்னால். தமிழில் என்றபடியால் யாருக்கும் விளங்கவில்லை, அது ஒன்றுதான் ஆறுதல்.

அவள் சுட்டு முடிந்ததும் வெஸ்ட்கம்ப் வழக்கம்போலச் சொன்னார்: "ரூஹிகே ஹன்ட்." ஆடாத கை. புஸ்பம் திரும்பி என்னைக் கேட்டாள், குரலை உயர்த்தாமல்:

"ரூஹிக் எண்டால் அமைதி. ஹன்ட் எண்டால் கை. போன கிழமை படிச்சனான். அதுக்குத் துவக்கைக் கவனமாப் பிடி எண்டோ அர்த்தம்?"

நான் காதுமூடியைச் சரிசெய்தேன்.

"தோட்டா விலை கூடினதும் இந்தக் கைதானோ?"

பிறகு அவளே வெஸ்ட்கம்பைப் பார்த்து, தன் உடைந்த ஜெர்மனில், "நன்றி. இன்றுதான் விளங்கியது" என்றாள். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. இங்றிட்டுக்கு விளங்கியது.

24.03.1987

கதைக்கிறாளில்லை. சோறு போடுகிறாள். உப்புச் சரியாக இருக்கிறது.

10.05.1987, ஞாயிறு

ஒரு யோசனை வந்து உட்கார்ந்திருக்கிறது. எழுதவே கூடாது. ஆனால் இங்கே எழுதாமல் எங்கே வைக்க?

ஒரு பெண். வாழ்க்கையில் துவக்கைத் தொடாதவள். முதல் நாளே ஐந்தும் வட்டத்துக்குள். எனக்கு அது ஒன்றரை வருசத்தில் வரவில்லை, பல் வைத்தியருக்கு ஆறு வருசத்தில் வரவில்லை. அந்த மூன்று வருசம். ஊரில் எத்தனை இயக்கங்கள், எத்தனை பொடியள். வீட்டுக்கு வீடு சாப்பாட்டுக்கு வருவார்கள். யாராவது ஒருத்தன் ஒரு பின்னேரம் — பகிடியாக — இஞ்ச பிடியுங்கோ அக்கா, இப்பிடி வையுங்கோ —

இன்று அவள் சமைத்துக்கொண்டிருந்தபோது கேட்டேன், சாதாரணமாகக் கேட்கிற மாதிரி. "முந்தி எப்பவாவது தொட்டனீயோ?"

"என்னத்தை?"

"துவக்கை."

"இல்லை" என்றாள். அவ்வளவுதான். வெங்காயம் வெட்டியபடி. கை ஆடவில்லை.

ஆடாததுதான் எனக்குச் சந்தேகம்.

29.05.1987, வெள்ளி

வடமராட்சிக்குள் ஆமி இறங்கிவிட்டது. குண்டு போடுகிறான். கரவெட்டியில் அவளுடைய அம்மா, அக்கா யோகம், யோகத்தின் பிள்ளை. கதிர்காமநாதண்ணை வீட்டுத் தொலைபேசியில் எல்லாரும் மாறிமாறிச் சுழற்றிப் பார்த்தோம். கொழும்புவரை போகிறது. அதற்கப்பால் இல்லை.

07.06.1987, ஞாயிறு

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

காலையில் புஸ்பம் குளிர்ச்சட்டையை எடுத்தாள். "எங்கே?" என்றேன். "கிளப்புக்கு" என்றாள். அம்மாவைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. சமைப்பதில்லை, சாப்பிடுவதில்லை, சன்னலோரம் இருக்கிறாள். ஆனால் கிளப்புக்குப் போக வேணுமாம்.

எனக்குள் இருந்த எல்லாம் ஒன்றாகக் கிளம்பிவிட்டது.

"அங்க சனம் சாகுது. உனக்கு இண்டைக்குச் சுட வேணுமோ? துவக்கில அவ்வளவு ஆசையோ? ஆர் உனக்குப் பழக்கினது? சொல்லு. ஆர் பழக்கினவன்?"

'பழக்கினவன்' என்றுதான் சொன்னேன். சொன்ன பிறகுதான் என் காதுக்கே கேட்டது.

புஸ்பம் சட்டையைக் கதிரையில் போட்டுவிட்டு இருந்தாள். அழவில்லை. கத்தவில்லை.

"ஒருத்தரும் பழக்கேல்லை. சொல்லுறன், கேளுங்கோ. இடையில ஒண்டும் கேக்காதேங்கோ.

"நீங்கள் போன பிறகு ஒருநாள் சுற்றிவளைப்பு. ஆம்பிளையள் ஓடிற்றினம். நாங்கள் அடிவளவில வைக்கல் போருக்குப் பின்னால. அம்மா, அக்கா, நான். பிள்ளை என்ரை மடியில. அக்காவுக்கு நடுக்கம், அவவால வைச்சிருக்க ஏலாது எண்டு என்னட்டைத் தந்தவ. மதிலுக்கு அங்கால அவங்கள் நிக்கிறாங்கள். சிகரெட் மணக்குது. பிள்ளை முழிச்சிட்டுது. நான் வாயைப் பொத்தினன்.

"இறுக்கிப் பொத்தினா மூச்சு அடைச்சுச் செத்துப்போம். கை கொஞ்சம் ஆடினா அழும், எல்லாரும் சாவம். அவங்கள் போகுமட்டும் அந்தக் கையை அப்பிடியே வைச்சிருந்தனான். நானும் மூச்சு விடேல்லை. எவ்வளவு நேரமெண்டு தெரியாது. பிறகு கையை எடுக்க ஏலாமல் அம்மாதான் விரல் விரலா விடுவிச்சவ.

"அதுதான் எனக்குப் பழக்கினது."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் நிறுத்தவில்லை.

"முதல் நாள் அந்தத் துவக்கைத் தோளில வைச்சுக்கொண்டு மூச்சைப் பிடிச்சன். பிறகு நானே வெடியைத் தீர்த்தன். சத்தம் என்ரை. மூச்சை விட்டன். ஒருத்தரும் வரேல்லை. ஒருத்தரும் சாகேல்லை. கடுதாசியிலதான் ஓட்டை. விளங்குதோ உங்களுக்கு? அங்க பிடிச்ச மூச்சை நான் இங்க வந்துதான் விடுறன்."

பிறகு சொன்னாள்: "அந்தப் பிள்ளை இப்ப ஓடித் திரியும். இருந்தால்."

குளிர்ச்சட்டையை எடுத்து நான்தான் அவளுக்குப் பிடித்தேன். இரண்டு பேரும் பஸ்ஸுக்குப் போனோம்.

08.06.1987

அவளைப் பார்க்க வெட்கமாக இருக்கிறது. அவள் என்னைப் பார்க்கிறாள். அது இன்னும் வெட்கம்.

21.06.1987, ஞாயிறு

தகவல் வந்துவிட்டது. மூன்று பேரும் இருக்கிறார்கள். கோயில் மடத்தில் இருந்தவர்கள், வீடு பாதி இல்லை. பிள்ளைக்கு வயிற்றோட்டம், வேறொன்றும் இல்லை. கொழும்பிலிருந்து சித்தப்பா எடுத்துச் சொன்னார்.

கிளப்பில் புஸ்பம் சுடவில்லை, இங்றிட்டின் தோளில் முகத்தை வைத்து அழுதாள். வெஸ்ட்கம்ப் என்னிடம் என்னவென்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன், வைக்கல் போர், பிள்ளை, கை. எனக்குத் தெரிந்த ஜெர்மன் முழுவதும் செலவாகிவிட்டது. இவ்வளவு பெரிய மனிதர், தொப்பியை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். பிறகு அவர் சொன்னதை நான் புஸ்பத்துக்குச் சொன்னேன். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. "உனக்கு வெடிச்சத்தம் கேக்க வேணுமெண்டு நினைக்கேக்க மட்டும் துவக்கை எடுக்கட்டாம். எடுக்காட்டிலும் கேக் இருக்காம்."

வருகிற வழியில் கேட்டாள்: "உண்மையாவே கேக் எண்டோ சொன்னவர்?"

"சத்தியமா."

சிரித்தாள்.

05.07.1987, ஞாயிறு

வெஸ்ட்கம்ப் இன்று 1892ஐ எனக்கும் தந்தார். புஸ்பம் கேட்டிருக்கிறாள் என்று பிறகுதான் தெரிந்தது. சுட்டேன். ஐந்தில் இரண்டு வட்டத்துக்குள். லீவர் ஓடின ஓட்டத்தில் என் கையெல்லாம் சிலிர்த்துப்போயிற்று. துடைக்கிறபோது கேட்கிற சத்தம் வேறு, தோட்டா ஏறுகிறபோது கேட்கிற சத்தம் வேறு. இவ்வளவு நாளும் எனக்குத் தெரிந்தது பாதிதான்.

அவளுக்கு ஐந்தும். பொறாமை போய்விட்டதென்று எழுதினால் பொய். எரிகிறது. ஆனால் இப்போது அதை அவளிடமே சொல்லலாம் போல இருக்கிறது.

சொன்னேன். "தெரியும், முகத்தில தெரியுது" என்றாள்.

15.09.1988, வியாழன்

அன்ட்ராக் முடிவு வந்தது. இரண்டு பேரையும் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். கதிர்காமநாதண்ணை படித்துச் சொல்லிவிட்டுத் தானே போய் ஒரு கோழி வாங்கிவந்தார். இனி மாவட்ட எல்லையைத் தாண்ட யாரையும் கேட்க வேண்டியதில்லை. எங்கே போக வேண்டும் என்று புஸ்பத்திடம் கேட்டேன். "கடல் பாக்க" என்றாள். நான் உள்ளுக்குள் வேறொன்றை நினைத்தேன். இனி எனக்கும் சொந்தமாக ஒன்று வைத்திருக்கலாம்!

09.04.1989, ஞாயிறு

டோர்ட்மண்டில் பழைய துவக்குச் சந்தை. வெஸ்ட்கம்ப் தன் காரில் எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். மண்டபம் நிறைய மேசைகள். மேசை நிறைய இரும்பும் மரமும். எனக்குத் தலை சுற்றியது. ஒரு கிழவர் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு ஒரு 1873இன் பக்கத் தகட்டைக் கழற்றி உள்ளே லீவர் எப்படி மடிகிறதென்று காட்டினார். முழங்கால் மடிகிற மாதிரியேதான். அதிலேயே ஒரு மணித்தியாலம் நின்றுவிட்டேன்.

எனக்கு ஒரு 1866 பிடித்தது. புதிதாகச் செய்த நகல்தான், ஆனால் பித்தளை கண்ணைப் பறித்தது. புஸ்பம் வேறு மேசையில் ஒரு 1894ஐக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பிடியில் நீளமாக ஒரு கீறல். நீலப் பூச்சு உரிந்து குழல் மண்ணிறம். யாரோ குதிரைச் சேணத்தில் வருசக்கணக்காகத் தேய்த்திருக்கிறான்.

"உது அசிங்கம்" என்றேன்.

"லீவரை ஒருக்கா இழுத்துப் பாருங்கோ."

இழுத்துப் பார்த்தேன். மறுபடியும் இழுத்தேன்.

வெஸ்ட்கம்ப் அதைத் தன் பெயரில் வாங்கினார். தன் அலுமாரியில் பன்னிரண்டாவதாக வைத்திருப்பாராம். எங்களில் யார் முதலில் பரீட்சை எழுதி அனுமதி எடுக்கிறோமோ அவருக்கே கொடுப்பாராம். அது நான்தான் என்று எனக்குத் தெரியும். இந்த ஜெர்மனியில் துவக்குப் பற்றி எனக்குத் தெரிந்த அளவு தெரிந்த தமிழன் வேறு யார்?

21.10.1989, சனி

பரீட்சை. எழுத்தில் இரண்டு பேரும் சித்தியடைந்துவிட்டோம். நான் அவளைவிடக் கூடப் புள்ளி! பிறகு ஒவ்வொருவராகக் கூப்பிட்டுத் துவக்கைக் கையில் கொடுத்துக் கேட்பார்கள்.

உள்ளே போனேன். மேசையில் இருந்தது ஒரு 1886. எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. பரீட்சகர் கேட்கு முன்னமே தூக்கினேன், "இது ஆயிரத்தெண்ணூற்று எண்பத்தாறு, இதன் பூட்டுக்குள் இரண்டு கட்டைகள் மேலும் கீழுமாக —" என்று சொல்லியபடி, பக்கத்தைக் காட்டத் திருப்பினேன். குழல் அந்த மனிதருடைய நெஞ்சைத் தடவிக்கொண்டு போனது.

வெறும் துவக்குத்தான். ஆனால் வெறுமையா என்று நான் முதலில் திறந்து பார்க்கவில்லை.

"போதும்" என்றார். "அடுத்த வருசம் வாருங்கள்."

புஸ்பம் போனாள். திறந்த கதவால் பார்த்தேன். குழலைச் சுவர்ப் பக்கம் வைத்தாள். லீவரைத் திறந்தாள். விரலை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, "வெறுமை" என்றாள். என்ன துவக்கு என்று கேட்டதற்குத் தெரியாது என்று சொன்னாளாம். அப்படியும் சித்தியடைந்துவிட்டாள்.

பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.  ஏதாவது சொல்லியிருந்தால் சண்டை பிடித்திருப்பேன்.

12.11.1989, ஞாயிறு

கிளப்பில் இன்று யாரும் சுடவில்லை. எல்லாரும் தொலைக்காட்சிக்கு முன்னால். பெர்லின் மதிலுக்கு மேல் சனம். பல் வைத்தியர் அழுகிறார்.

16.12.1989, சனி

துவக்கு வீட்டுக்கு வந்துவிட்டது. புஸ்பவதி என்று பெயர் அச்சடித்த அனுமதி அட்டையோடு. நேற்றுக் கந்தோரிலிருந்து ஒருவர் வந்து, படுக்கையறைச் சுவரில் பூட்டின இரும்புப் பெட்டியை ஆட்டிப் பார்த்து, திறப்பு யாரிடம் இருக்கும் என்று கேட்டார். "என்னிடம்" என்றாள். "கணவரிடம் கொடுக்கக் கூடாது" என்றார். "தெரியும்" என்றாள், கொஞ்சம் அவசரமாகவே. திறப்பைத் தாலிக்கொடியில் கோர்த்துவிட்டாள்.

என்னுடைய வீட்டில், என்னுடைய கட்டிலுக்குப் பக்கத்தில், நான் கனவு கண்ட சாமான். எனக்குத் திறப்பில்லை!

இன்று பின்னேரம் அவள் வேலையால் வரும்வரை பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சப்பாத்தைக் கழற்ற முன்னமே கேட்டுவிட்டேன்.

"புஸ்பம், ஒருக்கா திறவன்."

"கையைக் கழுவிப்போட்டு வாங்கோ."

கழுவிவிட்டு வந்தேன். திறந்து, குழலைச் சுவர்ப் பக்கம் பிடித்து, உள்ளே பார்த்து, என் கையில் தந்தாள். கட்டிலில் பழைய துவாயை விரித்து எண்ணெய்ப் போத்தலை வைத்தேன். பிடியின் கீறலுக்குள் மெழுகைத் தேய்த்தேன். லீவரைத் தள்ளி இழுத்தேன். இது 1892ஐவிட ஒரு சுருதி கீழே.

புஸ்பம் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் இருந்தாள். பசி என்று சொன்னவள்தான், அடுப்படிக்குப் போகவில்லை. நான் அதைக் கையில் வைத்திருக்கும் மட்டும் அவள் என் பக்கத்திலேயே இருக்க வேண்டுமாம். சட்டம்.

ஆறுதலாக, அவசரமே இல்லாமல் துடைத்தேன்.